ஈடு: நூற்றிருபது செங்கற்களும் ஒரு பெயரும்

1976 பிப்ரவரி 15 அன்று லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ், டேட் கலைக்கூடம் வாங்கிய ஒரு சிற்பத்தைப் பற்றிக் கேலி தொனிக்கும் செய்தி ஒன்றை வெளியிட்டது. மறுநாள் டெய்லி மிரர் நாளிதழ் அதை முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்து, குப்பை என்று தீர்ப்பே எழுதிவிட்டது. அந்தச் சிற்பம் 120 செங்கற்களால் ஆனது. கலவையோ சிமென்ட்டோ இல்லாமல் இரண்டு அடுக்குகளாக அவை தரைமீது அடுக்கப்பட்டிருந்தன. செதுக்கல் இல்லை; வண்ணப் பூச்சு இல்லை; பீடமும் இல்லை. அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரேயின் இப்படைப்புக்கு ‘ஈக்விவலன்ட் 8’ என்று பெயர். பொதுப்பணத்தில் இயங்கும் டேட், அதை 1972இல் சுமார் 2,300 பவுண்டுக்கு வாங்கியிருந்தது.

1974இலும் 1975இலும் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1976இன் சூழல் வேறு. பிரிட்டனில் முந்தைய ஆண்டில் விலைவாசி ஏற்றம் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் அந்நாட்டு அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. அப்படிப்பட்ட வேளையில், வரிப்பணத்தில் செங்கல் வாங்கிய கதை பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. அம்மாதத்திலேயே பார்வையாளர் ஒருவர் அச்செங்கற்களின் மீது நீலச் சாயத்தைக் கொட்டினார். பிற்பாடு அவை தூய்மை செய்யப்பட்டன.

நுண்கலை வரலாற்று வகுப்புகளில் இச்சர்ச்சை பெரும்பாலும் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. ‘இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே’ என்றனர் பொதுமக்கள். ‘உங்களுக்குப் புரியவில்லை’ என்றனர் வல்லுநர்கள். கதை அத்துடன் முடிகிறது. பொதுமக்களின் அந்த வாக்கியத்தை அறியாமை என்று ஒதுக்காமல், ஒரு வரலாற்றுக் கூற்றாக எடுத்துக்கொண்டு ஆராய்வதே இப்பதிவின் நோக்கம். செங்கல்லை அடுக்க யாராலும் இயலும் என்பது உண்மை. ஆந்த்ரேயே அதை மறுத்திருக்கமாட்டார். ஆனால் யார் அடுக்கினால் அது சிற்பம் என்று கணக்கில் சேரும் என்பது வேறு கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவில்தான் மினிமலிசத்தின் வரலாறு இருக்கிறது என்று கருதுகிறேன்.

1. பொருளும் கணக்கும்

முதலில் பொருளைப் பார்ப்போம். டேட்டில் இருப்பவை வீடு கட்டும் செங்கற்கள் அல்ல, உலைச் செங்கற்கள். தொழிற்சாலைகளில் ஃபயர் பிரிக் என்று வழங்கப்படுபவை. வெப்பம் தாங்கும் தனிவகைக் களிமண்ணால் செய்து மிகு வெப்பத்தில் சுடப்படும் இக்கற்கள், உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படுகின்றன. இரும்பு உருக்கும் ஆலையிலும் கண்ணாடி ஆலையிலும் வெளியே தெரிவது இரும்புக் கூடு; தீயைத் தாங்குவது உள்ளிருக்கும் இக்கல். பணியில் இருக்கும் காலமெல்லாம் கண்ணில் படாமல் இருப்பதே இதன் இயல்பு. அதனைக் கலைக்கூடத்தின் வெளிச்சத்தில் தரைமீது வைக்கும்போது, சந்தன நிறத்தில் வெளிறிய ஒரு பரப்பு நம் கணுக்காலுக்குச் சற்று மேலே வரை எழுந்து நிற்கிறது.

அளவு பொதுத்தரமானது: 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 2½ அங்குல உயரம். ஈக்விவலன்ட் 8இல் ஓர் அடுக்குக்கு அகலவாக்கில் 6 கற்கள், நீளவாக்கில் 10 கற்கள். ஆகவே 27 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் 5 அங்குல உயரமும் கொண்ட ஒரு பாளம் கிடைக்கிறது. மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 69 செ.மீ., 229 செ.மீ., 13 செ.மீ. இந்த எண்கள் எவையும் சிற்பி தேர்ந்த அளவுகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். செங்கல் ஆலை முன்பே தீர்மானித்த அளவுகளை அவர் பெருக்கினார், அவ்வளவே.

எட்டு என்ற எண்ணும் இவ்வாறே வந்தது. 120 கற்களை இரண்டு அடுக்காக்கினால் அடுக்குக்கு 60. அறுபதை 3×20, 4×15, 5×12, 6×10 என்று நான்கு வகையாகப் பிரித்தார் ஆந்த்ரே. ஒவ்வொரு வகையிலும் கற்களை நீளவாட்டிலோ குறுக்குவாட்டிலோ இடலாம். நான்கிரண்டு எட்டு. எட்டுப் படைப்புகளிலும் கற்களின் எண்ணிக்கை ஒன்றே. உயரமும் எடையும் தரையில் அடைக்கும் பரப்பும் ஒன்றே. ஆயினும் ஒன்று நீண்ட வரப்பாகக் கிடக்கிறது. மற்றொன்று ஏறத்தாழச் சதுரத் திண்ணையாக அமைகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உலைச் செங்கல்லின் நீளம் அகலத்தைப்போல் சரியாக இரு மடங்கு. எனவே 6×10இல் கற்களை நீளவாட்டில் இட்டாலும், 3×20இல் குறுக்குவாட்டில் இட்டாலும் கிடைக்கும் வெளிவடிவம் ஒன்றே: 27க்கு 90 அங்குலம். 5×12ஐயும் 6×10ஐயும் குறுக்குவாட்டில் இட்டால் இரண்டும் 45க்கு 54 அங்குலமாகவே முடியும். அங்கே வேறுபாடு கற்கள் படுத்திருக்கும் திசையில் மட்டுமே. கற்களின் இணைப்புக் கோடுகளைப் பார்க்கத் தெரிந்தவருக்கே அவ்வேறுபாடு புலப்படும். வடிவத்தைத் தேடும் கண்ணை அலகின் பக்கம் திருப்பும் உத்தி இது.

2. குவின்ஸி, இருப்புப்பாதை, பிராங்குசி

இந்தச் சிந்தனை வெற்றிடத்தில் பிறக்கவில்லை. ஆந்த்ரே 1935இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குவின்ஸியில் பிறந்தவர். கருங்கல் குவாரிகளுக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அவருடைய தந்தை கப்பல் கட்டும் தளத்தில் வரைபடக் கலைஞராகப் பணியாற்றியவர். 1950களின் இறுதியில் நியூயார்க்கில் ஓவியர் ஃபிராங்க் ஸ்டெல்லாவின் பணிக்கூடத்தில் இடம்பெற்று, மரத்தைச் செதுக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு முன்மாதிரி ருமேனியச் சிற்பி பிராங்குசி. ஒரே வடிவ அலகு மீண்டும் மீண்டும் ஏறிச் செல்லும் பிராங்குசியின் ‘முடிவற்ற தூண்’ அவரை ஆட்கொண்டது. செதுக்கப்படாத மரத்தின் மறுபக்கமும் நல்ல சிற்பமே என்று ஸ்டெல்லா சொன்னதாக ஒரு செய்தி உண்டு. மரத்துக்குள் வெட்டுவதை விட்டுவிட்டு, மரத்தையே வெளிக்குள் ஒரு வெட்டாகக் கருதலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

1960 முதல் 1964 வரை அவர் பென்சில்வேனியா இருப்புப்பாதை நிறுவனத்தின் சரக்கு வண்டிகளில் பிரேக்மேனாகவும் நடத்துநராகவும் வேலை பார்த்தார். பெட்டிகளைக் கழற்றுவதும் கோப்பதும் அவ்வேலையின் சாரம். எந்தப் பெட்டியையும் எந்தப் பெட்டியோடும் இணைக்கலாம். வரிசை மாறினாலும் வண்டி வண்டியே. பிற்காலத்தில் தன் சிற்பத்துக்கான பயிற்சிக்களமாக அவரே இவ்வேலையைச் சுட்டியிருக்கிறார். 1965 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரின் ஓர் ஏரியில் படகு செலுத்தியபோது, சிற்பமும் நீர்மட்டம்போல் தாழ்ந்து பரந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாகவும் அவர் கூறியுள்ளார். பிராங்குசியின் தூண் படுக்கவைக்கப்பட்டது.

1966இல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் நடந்த ‘பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற கண்காட்சியில் அவர் வைத்த ‘லீவர்’, 137 உலைச் செங்கற்களின் ஒற்றை வரிசை. அவ்வாண்டிலேயே டிபோர் டி நாஜி கூடத்தில் எட்டு ஈக்விவலன்ட்களும் தரையில் விரிந்தன.

தன் வளர்ச்சியை விளக்க ஆந்த்ரே சுதந்திரதேவி சிலையை எடுத்துக்காட்டினார். ஒரு காலத்தில் சிற்பிகளுக்கு அச்சிலையின் வெளித்தோற்றமான செப்புத்தகட்டு வடிவம் முதன்மையாக இருந்தது. பின்னர் அதற்குள் ஐஃபெல் அமைத்த இரும்புக் கட்டமைப்பு முதன்மையானது. தனக்கோ அச்சிலை நிற்கும் தீவே முதன்மை என்றார். வடிவம், கட்டமைப்பு, இடம் என்னும் இம்மூன்று படிகளும் நவீனச் சிற்ப வரலாற்றின் மிகச் சுருக்கமான வரைவுகளுள் ஒன்று.

டூஷாம்பின் சிறுநீர்க் கலத்தோடு இச்செங்கற்களை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு பாதியளவே பொருந்தும். டூஷாம்ப் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, கவிழ்த்து, புனைபெயரில் ஒப்பமிட்டு, அதன் பயன்பாட்டைப் பறித்தார். ஆந்த்ரேயின் செங்கல் அப்படி எதையும் இழப்பதில்லை. மீண்டும் ஓர் உலைக்குள் சென்று வேலை பார்க்கும் தகுதியோடே அது அங்கே கிடக்கிறது.

3. திரும்பிப் போன கற்கள்

1966 கண்காட்சியில் இருந்தவை உலைச் செங்கற்களும் அல்ல. அவை மணல்–சுண்ணாம்புச் செங்கற்கள்: மணலையும் சுண்ணாம்பையும் அழுத்தி, நீராவியில் இறுகவைத்துச் செய்யப்படும் வெண்ணிறக் கற்கள். கண்காட்சி முடிந்தது, படைப்புகள் பெரும்பாலும் விலைபோகவில்லை. ஆந்த்ரே கற்களை ஆலைக்கே திருப்பிக் கொடுத்துக் காசைப் பெற்றுக்கொண்டார். 1969இல் மீண்டும் அப்படைப்புகளை உருவாக்க முனைந்தபோது அந்த ஆலை மூடப்பட்டிருந்தது. எனவே உலைச் செங்கற்களை வாங்கி அடுக்கினார். டேட் 1972இல் வாங்கியது இந்த இரண்டாம் பிறப்பை.

இச்செய்தியைக் கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு துணுக்காகவே கடந்து செல்கின்றன. எனக்கு இதுவே மையம் என்று தோன்றுகிறது. திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கத்தக்க சிற்பம் ஒன்று இதற்கு முன் இருந்ததா? பளிங்கைச் செதுக்கிய பின் குவாரிக்குத் திருப்ப முடியாது. வார்த்த வெண்கலத்தை உருக்கினால் சிலை அழியும். இங்கே 120 கற்களும் சிற்பமாக இருந்துவிட்டு, ஒரு கீறலும் இல்லாமல் சந்தைக்குத் திரும்பின. வேறு ஆலையின், வேறு சரக்கின், வேறு நிறத்தின் 120 கற்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன. பெயர் மாறவில்லை.

ஈக்விவலன்ட் என்ற தலைப்பை ஆந்த்ரே எடுத்தது ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடமிருந்து. 1920களிலும் 1930களிலும் அவர் எடுத்த மேகப் படங்களுக்கு அப்பெயரையே இட்டிருந்தார். ஸ்டீக்லிட்ஸுக்கு மேகம் மனநிலையின் நிகர். ஆந்த்ரேயிடம் மனநிலைக்கு இடமில்லை. கல்லுக்குக் கல் நிகர், குவியலுக்குக் குவியல் நிகர். தமிழில் இதற்கு ‘ஈடு’ என்ற சொல்லே மிகப் பொருத்தம் என்பேன். ஈடு என்பது ஒப்பைக் குறிக்கும். ஒன்றுக்குப் பதிலாகக் கொடுப்பதைக் குறிக்கும். கடனுக்கு வைக்கும் அடமானத்தையும் குறிக்கும். எட்டுப் படைப்புகளும் ஒன்றுக்கொன்று ஈடு என்பது முதற்பொருள். மணல்–சுண்ணாம்புக் கல்லுக்கு உலைக்கல் ஈடானது இரண்டாம் பொருள். மூன்றாம் பொருள் சற்றுக் கூர்மையானது: கற்கள் எவையாக இருந்தாலும் படைப்பின் மதிப்புக்கு ஈடாக வைக்கப்பட்டிருப்பது ஒரு பெயர்.

4. கையிலிருந்து பெயருக்கு

இதன் பொருளை உணர 1920களுக்குச் செல்ல வேண்டும். 1926இல் பிராங்குசியின் ‘வெளியில் பறவை’ என்னும் வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. கலைப்படைப்புகளுக்கு இறக்குமதி வரி இல்லை. ஆனால் இறகும் அலகும் இல்லாத அந்த மெருகேறிய தண்டைச் சுங்கத்துறையினர் சமையலறைக் கருவிகள், மருத்துவமனைப் பொருள்கள் அடங்கிய பிரிவில் சேர்த்து 40 சதவீத வரி விதித்தனர். வழக்கு நடந்து, 1928இல் பிராங்குசிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு பறவையின் உருவ ஒப்பைக் கைவிட்டது. தொழில்முறைச் சிற்பி ஒருவர் தாமே உருவாக்கிய மூலப்படைப்பு என்பதைக் கைவிடவில்லை. வார்த்தபின் கையால் அராவி மெருகேற்றியதுதான் அச்சிற்பத்தைக் காப்பாற்றியது எனலாம்.

1960களில் அந்தக் கையும் விலகியது. டானல்ட் ஜட் 1964 முதல் தம் பெட்டி வடிவங்களை உலோகத் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் செய்வித்தார். டான் ஃபிளேவின் 1963இலிருந்து கடையில் கிடைக்கும் குழல்விளக்குகளையே சுவரில் பொருத்தினார். ஆந்த்ரே ஆலையின் செங்கல்லை அடுக்கினார். 1928இன் அளவுகோலால் அளந்தால் இவற்றில் ஒன்றும் தேறாது. கையின் இடத்தில் இப்போது நின்றவை இரண்டு: சிற்பியின் திட்டம், அத்திட்டத்தை உறுதிசெய்யும் கையொப்பமிட்ட சான்றிதழ். ஆந்த்ரேயின் படைப்புகளும் அத்தகைய சான்றிதழோடே கைமாறுவது வழக்கம்.

டேட்டின் காப்பாட்சியர் ரிச்சர்ட் மார்ஃபெட் 1976 நவம்பரில் பர்லிங்டன் மேகசினில் இச்செங்கற்களுக்காக நீண்ட கட்டுரை எழுதினார். பொருளின் நேர்மை, கணக்கின் தெளிவு, இடத்தின் உணர்வு ஆகியவற்றை விளக்கும் தரமான கட்டுரை அது. ஆயினும் செய்தித்தாள்களின் கேள்வி வேறிடத்தில் இருந்தது. அதே 120 கற்களை அதே முறையில் நான் அடுக்கினால் டேட் வாங்குமா என்பதே அக்கேள்வி. அழகியல் விளக்கத்தால் அதற்கு விடை சொல்ல இயலாது. வாங்காது என்பதே நேர்மையான விடை. ஏன் என்பதை நிறுவனங்களின் வரலாறு கொண்டே சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி இதற்கு விளக்கமாகிறது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கச் சிற்பத்தின் 200 ஆண்டுகளைக் குறித்து ஒரு கண்காட்சி நடத்தியது. தன் செப்புத்தகட்டுப் படைப்பு வைக்கப்பட்ட இடம் பொருந்தவில்லை என்று ஆந்த்ரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலிருந்த அவருடைய வேறொரு படைப்பை எடுத்து வைத்தபோது, வைத்த முறையைக் குறித்து அதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தார். இடமே சிற்பம் என்று சொன்னவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் லண்டனில் அவருடைய படைப்பை ஆதரித்தவர்கள் சிற்பியின் கை தேவையில்லை என்று வாதிட்ட அதே ஆண்டில், நியூயார்க்கில் அவருடைய சொல் இல்லாமல் தகடு சிற்பமாகாது என்ற நிலை எழுந்ததை நாம் சேர்த்தே படிக்க வேண்டும். கை விலகிய இடத்தில் பெயரின் அதிகாரம் கூடியிருந்தது.

சிக்கல் இன்னும் தீரவில்லை. ஃபிளேவினின் குழல்விளக்குப் படைப்புகள் இறக்குமதியின்போது சிற்பமா விளக்கா என்ற வழக்கில், 2008இல் பிரிட்டனின் தீர்ப்பாயம் சிற்பமே என்றது. 2010இல் ஐரோப்பிய ஆணையம் அவற்றை விளக்குச் சாதனங்களாக வகைப்படுத்தியது. பிராங்குசியின் சுங்கச்சாவடி வேறு பெயரில் திறந்தே இருக்கிறது.

5. ‘கலைத் தொழிலாளி’

ஆந்த்ரே தம்மைத் தொழிலாளராகவே முன்னிறுத்திக்கொண்டவர். நீல நிற வேலையுடையே அவருடைய அன்றாட உடை. 1969இல் நியூயார்க்கில் உருவான கலைத் தொழிலாளர் கூட்டணியில் முனைந்து பங்காற்றினார். அருங்காட்சியகங்களில் இலவச அனுமதி, படைப்பு மறுவிற்பனையாகும்போது கலைஞருக்குப் பங்கு, கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் கலைஞர்களுக்கு இடம் எனக் கூர்மையான கோரிக்கைகளை அவ்வமைப்பு எழுப்பியது. வியட்நாம் போரை எதிர்த்தது. ஜூலியா பிரையன்–வில்சன் 2009இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். செங்கல்லையும் எஃகுத் தகட்டையும் தேர்ந்ததில் ஆந்த்ரேக்கு அரசியல் நோக்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் செங்கல் செய்த தொழிலாளியின் உழைப்பு அச்சிற்பத்தில் எங்கே நிற்கிறது? ஒரு வகையில் அவ்வுழைப்பு மட்டுமே அங்கே இருக்கிறது: களிமண்ணைப் பிசைந்து, அச்சில் இட்டு, சுட்டு, அடுக்கி அனுப்பியவர்களின் வேலையன்றி வேறெதுவும் கற்களின் மேல் இல்லை. மறு வகையில் அவ்வுழைப்பு ஆலையின் விலைப்பட்டியலோடு முடிந்துவிடுகிறது. செங்கல்லின் விலைக்கும் 2,300 பவுண்டுக்கும் உள்ள இடைவெளியில் அத்தொழிலாளிக்குப் பங்கில்லை. அவர் கையை விலக்கியவருக்கே பங்கு. சிற்பி தன் கையை விலக்கிக்கொண்டதாகக் கூறப்படும் இடங்களிலெல்லாம் வேறொருவர் கை வேலை செய்திருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

மினிமலிசத்தின் நடுநிலைத் தோற்றத்தின்மீது அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் அன்னா சேவ் 1990இல் எழுப்பிய கேள்வியும் இங்கே பொருந்தும். எஃகு, செங்கல், கனசதுரம் ஆகியவற்றின் மொழி தொழில்துறை, அதிகாரம், ஆண்மை ஆகியவற்றின் மொழியே என்றார் அவர். இதை எழுதும்போது ஆனா மெண்டியெட்டாவின் பெயரைத் தவிர்க்க இயலாது. கியூபாவில் பிறந்த சிற்பி, ஆந்த்ரேயின் மனைவி. 1985 செப்டம்பர் 8 அன்று அவர்கள் வாழ்ந்த 34ஆம் மாடிக் குடியிருப்பிலிருந்து விழுந்து இறந்தார். கொலைக் குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்ட ஆந்த்ரேயை 1988இல் நீதிபதி விடுதலை செய்தார். அதன்பின் ஆந்த்ரேயின் படைப்புகள் வைக்கப்பட்ட கண்காட்சிகளுக்கு வெளியே பெண்ணியக் கலைஞர்கள் பன்முறை கூடி, மெண்டியெட்டா எங்கே என்று கேட்டனர். அவர்கள் வாதாடியது நீதிமன்றத் தீர்ப்போடு மட்டுமன்று. கலை வரலாற்றின் தரையில் எவருடைய பெயர் இடம்பெறுகிறது, எவருடையது விடுபடுகிறது என்பதே அவர்கள் முன்வைத்த வழக்கு. ஆந்த்ரே 2024 ஜனவரியில் மறைந்தார், அவ்வழக்கு மறையவில்லை.

6. அதே நகரில் இன்னொருவர்

யார் அடுக்கினால் சிற்பம் என்ற கேள்விக்கு 1960களின் லண்டனிலேயே ஒரு விடை இருந்தது. அதை நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்த ஒருவரின் வாழ்க்கை சொல்கிறது.

ரஷீத் அராயீன், ஆந்த்ரே பிறந்த அதே 1935இல் கராச்சியில் பிறந்தவர். கட்டடப் பொறியியல் பயின்று 1964இல் லண்டன் சென்றார். அங்கே ஆந்தனி காரோவின் எஃகுச் சிற்பங்களைக் கண்டார். காரோ எஃகுத் துண்டுகளைச் சமனற்ற முறையில், ஓவியத்தைப்போல் இசைத்துப் பொருத்தினார். பொறியாளரான அராயீனுக்கு வேறு வழி தோன்றியது. எஃகு உத்தரங்களையும் குறுக்குத் தாங்கிகளையும் பொறியியல் எப்படிப் பயன்படுத்துமோ அப்படியே, சமச்சீராக, படிநிலை இல்லாமல் அமைத்தால் என்ன? 1965 முதல் அவர் அவ்வாறு செய்யத் தொடங்கினார். சாரத்தையும் பாலத்தின் பக்கச் சட்டத்தையும் நினைவூட்டும் சட்டக அமைப்புகள் அவை. நியூயார்க்கில் ‘பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்’ திறப்பதற்கு முந்தைய ஆண்டு அது.

ஆந்த்ரேக்கு இருப்புப்பாதை எதுவோ அராயீனுக்குப் பொறியியல் அது. இருவரும் அலகு, திரும்ப நிகழ்தல், சமன்மை ஆகிய அதே கருத்துகளைத் தம் தொழிலிலிருந்து பெற்றனர். ஆனால் 1976இல் லண்டன் செய்தித்தாள்கள் மினிமலிசத்தைப் பழித்தபோது, பழிப்பதற்குக்கூட அராயீனின் பெயர் எழவில்லை. பழிக்கப்படுவதற்கும் முதலில் கணக்கில் இருக்க வேண்டும். பிரிட்டனின் நவீனக் கலை வரலாற்றில் ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் கலைஞர்களின் பங்களிப்பு விடுபட்டதை எதிர்த்து அவர் 1987இல் தேர்ட் டெக்ஸ்ட் என்னும் இதழைத் தொடங்கினார். 1989இல் லண்டன் ஹேவர்ட் கூடத்தில் 24 கலைஞர்களைக் கொண்டு ‘தி அதர் ஸ்டோரி’ கண்காட்சியை அமைத்தார். தம் சிற்பங்களைக் காட்டுவதற்கே, விடுபட்ட வரலாற்றையும் தாமே எழுதவேண்டியிருந்தவர் அவர்.

அவருடைய ‘ஜீரோ டு இன்ஃபினிட்டி’ 1968இல் சிந்திக்கப்பட்டது; பல ஆண்டுகளுக்குப் பிறகே முழுமையாக நிறைவேறியது. சட்டகக் கனசதுரங்கள் சதுரமாக அடுக்கி வைக்கப்படுகின்றன. பார்வையாளர்கள் அவற்றை எடுத்து, நகர்த்தி, விரும்பிய வகையில் மாற்றி அடுக்கலாம். ஆந்த்ரே தம் உலோகத் தகடுகளின்மீது நடக்க அனுமதித்தார். அவற்றின் அமைப்பு மட்டும் அவர் கைவசமே இருந்தது. அராயீனிடம் அமைப்பே பார்வையாளரிடம் செல்கிறது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதை ஏளனமாக எடுத்துக்கொள்ளாமல் விதியாகவே ஆக்கிய படைப்பு அது. மினிமலிசம் தன் அலகுகளுக்கு அளித்த சமத்துவத்தை மனிதர்களுக்கும் அளித்துப் பார்த்த முயற்சி என்று அதைக் கூறலாம்.

7. ஆய்வு மாணவர்களுக்கு

இக்கதையிலிருந்து முறையியல் சார்ந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தொழிற்பொருளால் ஆன சிற்பத்தைப் படிக்கும்போது அப்பொருளின் வணிக வரலாற்றையும் படிக்க வேண்டும். எந்த ஆலை, எந்த அளவு, எதற்காகச் செய்தது, திருப்பிக் கொடுக்க முடியுமா என்ற கேள்விகள் அழகியலுக்குப் புறம்பானவை அல்ல. மணல்–சுண்ணாம்புக் கல்லுக்கும் உலைக்கல்லுக்கும் இடையே இருக்கும் மூன்றாண்டுகள் இப்படைப்பின் பொருளையே தீர்மானித்திருக்கின்றன.

இரண்டாவது, பொதுமக்களின் எதிர்ப்பைப் புரியாமையின் ஆவணமாக மட்டும் வாசிக்கக் கூடாது. 1976இன் கோபத்தில் கொச்சையும் இருந்தது, நியாயமும் இருந்தது. மதிப்பு எங்கே உண்டாகிறது, யார் அதைப் பெறுகிறார்கள் என்ற கேள்வியை அவர்கள் கொச்சையாகக் கேட்டார்கள். நாம் அதனைச் செம்மையாகக் கேட்கலாம், கேட்காமல் விடலாகாது.

மூன்றாவது, ஒரு கலை இயக்கத்தின் கொள்கையை அதன் பெயர்ப்பட்டியலோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். எல்லா அலகும் சமம் என்று கூறிய ஓர் இயக்கத்தின் வரலாற்றில் எல்லாப் பெயரும் சமமாக இருந்ததா? மெண்டியெட்டாவையும் அராயீனையும் அடிக்குறிப்பிலிருந்து பத்திக்குக் கொண்டுவந்தால், நடுவிலிருக்கும் செங்கற்களின் பொருளும் மாறுகிறது.

ஈக்விவலன்ட் 8 இன்றும் டேட்டின் சேகரிப்பில் இருக்கிறது. அதனை நல்ல சிற்பம் என்றே கருதுகிறேன். ஈடு இணையான 120 கற்களை அடுக்கி, அவற்றின் நடுவே ஈடற்றதாக நிற்பது எது என்று கேட்கவைக்கிறது. அக்கேள்வியை ஆந்த்ரே எண்ணிய அளவோடு நிறுத்திவிட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.